பால் வடியும் மஞ்சள் பூச்செடி: டேண்டிலியனா, காட்டு லெட்யூஸா, வேறு எதுவுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இப்போதுதான் படிக்க வருபவர்களுக்கும் புரியட்டும். செடி முழங்காலைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. தண்டு மேலே கிளை விட்டு நாலைந்து மஞ்சள் பூக்கள், கூடவே மொட்டுகளும். ஒடித்தால் வெள்ளைப் பால் வருகிறது, தண்டின் உள்ளே வெற்றுக் குழல். இலையின் அடிப்பகுதி தண்டைக் கட்டிப்பிடித்திருக்கிறது, ஓரத்தில் முள் மாதிரி இருந்தாலும் தொட்டால் குத்தவில்லை, இலை மேல் வெள்ளையாக வளைந்து வளைந்து கோடுகள். செடியைக் கண்டுபிடிக்கும் செயலி ஒரு படத்துக்கு டேண்டிலியன் என்றது, அடுத்த படத்துக்குக் காட்டு லெட்யூஸ் என்றது. எது சரி, இதைச் சாப்பிடலாமா என்பதுதான் கேள்வி.

நேரடியாகப் பதில்: டேண்டிலியன் நிச்சயமாக இல்லை. காட்டு லெட்யூஸும் இல்லை என்றே நினைக்கிறேன், அதை உறுதி செய்ய இலையின் பின்பக்கத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், கீழே சொல்கிறேன். உங்கள் விவரம் பொருந்துவது சோங்கஸ் பேரினத்துக்கு. அதிலும் பெரும்பாலும் சோங்கஸ் ஒலரேசியஸ். ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாப் பக்கம் பூர்விகம் கொண்ட ஓராண்டுச் செடி. இன்று உலகத்தில் தோண்டிப் போட்ட மண் எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இருக்கிறது.

டேண்டிலியனை ஒதுக்குவதற்குப் பூவைப் பார்க்கவே வேண்டாம். டேண்டிலியனில் இலைகள் எல்லாமே தரையோடு வட்டமாகப் படர்ந்து கிடக்கும், நடுவிலிருந்து இலையும் இல்லாமல் கிளையும் இல்லாமல் ஒரு வெற்றுக் காம்பு எழும்பும், அதன் நுனியில் ஒரே ஒரு பூ. தண்டில் ஒரு இலை இருந்தாலோ, காம்பு ஒரே ஒரு முறை கிளைத்தாலோ டேண்டிலியன் என்ற பேச்சுக்கே இடமில்லை. இவ்வளவு எளிய விஷயத்தைச் செயலி ஏன் கோட்டை விடுகிறது என்றால், பூவை நேர் மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் அதற்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கோணத்தில் சூரியகாந்திக் குடும்பத்தின் மஞ்சள் பூக்கள் நூற்றுக்கணக்கில் ஒரே முகம். தாவரவியல்காரர்களே இவற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரு வசவையும் சேர்த்து, ‘சனியன் பிடித்த மஞ்சள் கூட்டுப்பூ’ என்ற பொருளில் ஒரு சுருக்கப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 32,000 இனங்கள் கொண்ட குடும்பம், பூக்கும் தாவரங்களில் ஆர்க்கிட் குடும்பத்தோடு முதலிடத்துக்குப் போட்டி போடுவது, அதில் மஞ்சள் என்பது ஓர் அடையாளமே கிடையாது.

அதனால் நிறத்தை மறந்துவிட்டு ஒரு பூவைப் பறித்து, நகத்தால் நடுவில் இரண்டாகக் கிழியுங்கள். சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று சொல்வது ஒரு பூ அல்ல, ஒரு மேடையில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும் பல சின்னப் பூக்கள். பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் கையில் கிழித்துப் பார்த்தவர்கள் குறைவு, பார்த்தால்தான் இது பிடிபடும். ஒவ்வொரு சின்னப் பூவுக்கும் அடியில் ஒரு சூலகம் தனியாக இருக்கும். மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழாயாகி இருக்கும், சூல்தண்டு அந்தக் குழாய்க்குள்ளிருந்து வளர்ந்து மகரந்தத்தை வெளியே தள்ளிக்கொண்டு வரும். பூவுக்கு அடியில் பச்சையாகத் தெரியும் கிண்ணம் புல்லி வட்டம் இல்லை, பூவடிச் செதில்கள். உண்மையான புல்லி இதழ்கள் ஒவ்வொரு சின்னப் பூவின் அடியிலும் பாப்பஸ் என்கிற மயிர்க்கற்றையாகவோ செதிலாகவோ முள்ளாகவோ மாறியிருக்கும், சில செடிகளில் ஒன்றுமே இருக்காது. விதை காற்றில் பறக்கும்போது அதைத் தூக்கிச் செல்வது இந்தப் பாப்பஸ்தான்.

கிழித்த பிறகு பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஓரத்தில் இருக்கும் பூவும் நடுவில் இருக்கும் பூவும் ஒரே மாதிரியா?

நடுவில் குட்டிக் குட்டிக் குழல்களும் ஓரத்தில் மட்டும் நீளமான நாக்குகளும் இருந்தால் அது சூரியகாந்தி, டெய்சி வகை. குழல்கள் மட்டும் இருந்து நாக்கே இல்லாமலும் சில உண்டு. நடு வரை எல்லாமே நாக்குகளாக இருந்தால், அதோடு ஒடித்த இடத்தில் பாலும் வந்தால், அது சிக்கரி வகை. டேண்டிலியன், லெட்யூஸ், சோங்கஸ் மூன்றும் இந்தக் கூட்டம்தான், செயலி இவற்றுக்குள் தடுமாறியதில் ஒரு நியாயம் இருக்கிறது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் நாக்கின் நுனியை எண்ணுங்கள். சிக்கரி வகையில் ஐந்து பற்கள் தெரியும், ஏனென்றால் ஐந்து இதழ்களும் சேர்ந்து ஒரே பட்டையானது அது. டெய்சி வகையின் ஓர நாக்கில் அதிகபட்சம் மூன்றுதான். வெறும் கண்ணுக்கே தெரியும், பத்து மடங்கு லென்ஸ் ஒன்று இருந்தால் இன்னும் வசதி. (இந்தக் குடும்பத்தில் இறங்க நினைப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது அந்த லென்ஸ்தான், விலை உயர்ந்த கேமரா அப்புறம்.)

பால் வருவதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். கள்ளிகள் அடங்கிய யூஃபோர்பியா இனங்களிலும் வெள்ளைப் பால் வரும், அது தோலையும் கண்ணையும் மோசமாக எரிக்கக்கூடியது. பாலும் நாக்குப் பூக்களும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். முகர்ந்து, நக்கிப் பார்க்கும் வேலை எல்லாம் வேண்டாம்.

சரி, சிக்கரி வகை என்று ஆகிவிட்டது. இதற்குள் மஞ்சள் பூ பூப்பவை ஏராளம், உங்கள் செடியோடு குழம்பக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டேண்டிலியனின் நகல் என்று சொல்லத்தக்கது ஹைப்போகேரிஸ் ராடிகேட்டா. இலைகள் தரையில்தான், ஆனால் சொரசொரவென்று மயிர் இருக்கும். காம்பு கம்பி மாதிரி விறைப்பாக, பெரும்பாலும் கிளைத்து, ஆங்காங்கே மிகச் சின்னச் செதில்களோடு போகும். பூவைக் கிழித்தால் சின்னப் பூக்களுக்கு இடையிடையே மெல்லிய சவ்வுச் செதில்கள் நிற்கும், இது டேண்டிலியனிலும் இல்லை, சோங்கஸிலும் இல்லை. பாப்பஸ் மயிரில் பக்கவாட்டில் கிளை மயிர்கள் ஓடி இறகாகத் தெரியும். லியோன்டோடான் இனங்களிலும் பாப்பஸ் இறகுதான், ஆனால் அந்த இடைச் செதில்கள் அங்கே கிடையாது. உங்கள் செடியில் தண்டு நெடுக நல்ல பெரிய இலைகள் இருப்பதால் இந்த இரண்டும் தானாகவே கழிந்துவிடுகின்றன. டிராகோபோகனில் இலை புல்லைப் போல நீண்டு ஒடுங்கியிருக்கும், பூவடிச் செதில்கள் ஒரே வரிசையில் நீளமாக நிற்கும், அதுவும் இல்லை. யங்கியா ஜப்போனிகாவில் இலைகள் பெரும்பாலும் அடியிலேயே இருக்கும், பூ ஒரு சென்டிமீட்டரைத் தொட்டாலே அதிகம். கிரெபிஸ் கொஞ்சம் யோசிக்க வைக்கும், தண்டில் இலை உண்டு, கிளையும் உண்டு. அதில் பூவடிச் செதில்கள் இரண்டு அளவில் இருக்கும், உள்ளே ஒரு வரிசை நீளமாகவும் வெளியே ஒரு வரிசை குட்டையாகவும். ஆனால் சோங்கஸின் தடித்த குழல் தண்டும், தண்டைக் கட்டும் பெரிய இலையும் ஒன்றாகப் பார்த்துப் பழகிவிட்டால் இரண்டும் குழம்பாது.

உண்மையான போட்டி காட்டு லெட்யூஸ், அதாவது லாக்டூகா செரியோலா. அதுவும் உயரமாக வளரும், பால் வரும், இலையடி தண்டைக் கட்டும். இங்கேதான் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். லாக்டூகா செரியோலாவில் இலையின் பின்பக்கம் நடு நரம்பின் மேல் ஒரு வரிசை விறைப்பான முட்கள் ஓடும், விரலை ஓட்டினால் தவறவே விடமாட்டீர்கள். சோங்கஸில் முள் இருந்தால் இலை ஓரத்தில்தான், நடு நரம்பு வழவழப்பாக இருக்கும். நல்ல வெயிலில் நிற்கும் காட்டு லெட்யூஸின் இலைகள் முறுக்கிக்கொண்டு செங்குத்தாக நிற்கும், பெரும்பாலும் வடக்குத் தெற்குத் திசையை ஒட்டி. இதற்காகவே அதைத் திசைகாட்டிச் செடி என்று சொல்வதுண்டு. பூவும் வேறு: காட்டு லெட்யூஸில் ஒடுங்கிய, ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கான தலைகள், ஒவ்வொன்றிலும் நாக்குகள் கொஞ்சம்தான், எண்ணிவிடலாம். சோங்கஸில் நாக்குகள் நெருக்கமாக நிறைந்திருக்கும், எண்ணப் பொறுமை இருக்காது, தலையின் அகலம் இரண்டு இரண்டரை சென்டிமீட்டர். அப்புறம் பூ முடிந்ததும் சோங்கஸின் பச்சைக் கிண்ணம் அடியில் உப்பி, மேலே ஒடுங்கி ஒரு குடுவை வடிவத்துக்கு வரும். உங்கள் படத்தில் வாடிய பூ ஒன்று ஓரத்தில் அப்படித்தான் தெரிகிறது, நான் சோங்கஸ் பக்கம் சாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி சோங்கஸுக்குள் எது என்ற கேள்வி. பரவலாக இருப்பவை மூன்று: ஒலரேசியஸ், ஆஸ்பர், அர்வென்சிஸ். அர்வென்சிஸ் பல்லாண்டுச் செடி, மண்ணுக்கடியில் படரும் வேர்களிலிருந்து புதிய தண்டுகள் கிளம்பும், பூத்தலை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை பெரிதாக இருக்கும், பூவடியிலும் காம்பிலும் பெரும்பாலும் மஞ்சள் நிறச் சுரப்பி மயிர்கள் மண்டியிருக்கும். உங்கள் செடியில் பூ சிறிது, மயிரும் தெரியவில்லை, ஆகவே அதை விட்டுவிடலாம்.

ஒலரேசியஸையும் ஆஸ்பரையும் பிரிப்பதில்தான் ஆட்கள் சண்டை போடுவார்கள். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் ஒலரேசியஸுக்குப் பெயரிட்டபோது ஆஸ்பரை அதன் ஒரு வகையாகத்தான் வைத்தார், தனி இனமாக ஆனது பிறகு ஜான் ஹில் என்ற இன்னொரு தாவரவியலாளர் கையால். எனவே நீங்கள் குழம்பினால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் உள்ளே இரண்டும் வேறு: ஆஸ்பரின் குரோமோசோம் எண்ணிக்கை 18, ஒலரேசியஸில் 32. ஆஸ்பரும், 14 குரோமோசோம் கொண்ட டெனெரிமஸ் என்ற இன்னொரு சோங்கஸும் கலந்து, பிறகு குரோமோசோம்கள் இரட்டித்து உருவானதுதான் ஒலரேசியஸ் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆக, ஒலரேசியஸில் ஆஸ்பரின் சாயல் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

பலர் முள்ளை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஆஸ்பர் முள், ஒலரேசியஸ் மெத்து என்று. ஓரளவு சரி, ஆனால் நம்ப முடியாது. காய்ந்த இடத்தில் நிற்கும் ஒலரேசியஸ் முரடாகிவிடும், நிழலில் வளர்ந்த இளம் ஆஸ்பர் குத்தாமலே இருக்கும். நான் நம்புவது இலையடியில் இருக்கும் காதுகளை. தண்டின் நடுப்பகுதியில் உள்ள ஓர் இலையை எடுங்கள், அடி இலையும் வேண்டாம், உச்சி இலையும் வேண்டாம், அவை ஏமாற்றும். இலை தண்டைத் தொடும் இடத்தில் இரண்டு பக்கமும் மடல் பின்னுக்கு நீண்டிருக்கும். ஒலரேசியஸில் அந்த மடல் கூராக முடிந்து தண்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆஸ்பரில் அது வட்டமாக, ஆட்டுக்கடாக் கொம்பைப் போலச் சுருண்டு தண்டோடு ஒட்டியிருக்கும். இலைப் பரப்பும் உதவும்: ஒலரேசியஸ் மங்கலான, சாம்பல் கலந்த பச்சை, நுனி மடல் பெரிய முக்கோணம். ஆஸ்பர் கரும்பச்சை, மெழுகு தடவிய பளபளப்பு. நீங்கள் அனுப்பிய விவரத்தில் குத்தவில்லை என்பதும் இலை மங்கலாகத் தெரிவதும் ஒலரேசியஸ் பக்கம், ஆனால் காது தெரியும் படம் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைப் போட்டேன்.

சந்தேகத்தை அடியோடு தீர்ப்பது விதை. பூ மூடி, காய்ந்து, வெள்ளைப் பஞ்சாக விரியும் வரை சில நாள் காத்திருங்கள். தாவரவியல் கணக்கில் அது விதையும் இல்லை, சிப்செலா என்ற கனி, பேச்சுக்கு விதை என்றே வைத்துக்கொள்வோம். டேண்டிலியன் விதைக்கும் பஞ்சுக்கும் நடுவே மெல்லிய நீளக் காம்பு இருக்கும். காட்டு லெட்யூஸில் விதை தட்டை, ஆனால் அங்கேயும் அந்த நடுக்காம்பு உண்டு. சோங்கஸில் விதை தட்டை, நடுக்காம்பு கிடையாது, பஞ்சு நேராக விதையின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும், தொட்டாலே மென்மையாக ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கழன்று வரும். இதோடு பேரினம் முடிந்தது. இனத்துக்கு லென்ஸ் வேண்டும்: விதையின் நீளவாட்டில் ஓடும் வரிகளுக்கு இடையே குறுக்காக நுண்ணிய சுருக்கங்கள் நிறைந்து சொரசொரப்பாக இருந்தால் ஒலரேசியஸ், வரிகளுக்கு இடையே வழவழப்பாக இருந்தால் ஆஸ்பர். இலை எப்படி வேண்டுமானாலும் மாறும், இது மாறாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் விதையை வைத்து முடிவு சொல்வது சிலருக்கு வேடிக்கையாகத் தெரியும், ஆனால் இந்தக் குடும்பத்தில் பூவைவிட விதைதான் உண்மை பேசும். பைடென்ஸில் பஞ்சே இல்லாமல் துணியில் மாட்டும் இரண்டு முதல் நான்கு கொக்கி முட்கள், லாப்சானாவில் பாப்பஸே இல்லை, இப்படி விதையிலேயே பாதிப் பேரினங்களைப் பிரித்துவிடலாம்.

இலையில் இருக்கும் வெள்ளைக் கோடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது நோய் இல்லை, அந்த இனத்துக்கான இயல்பான கோலமும் இல்லை. இலைத் தோலுக்குள் புகுந்து தின்னும் ஒரு சின்ன ஈயின் புழு போன பாதை. சோங்கஸ் இலைகளில் இது மிகவும் சாதாரணம், ஆனால் வேறு பல செடிகளிலும் வரும் என்பதால் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாப்பிடுவது பற்றி. சோங்கஸ் ஒலரேசியஸின் இளம் இலைகளை உலகின் பல பகுதிகளில் கீரையாகச் சாப்பிடுகிறார்கள், செடியில் நஞ்சு என்று சொல்லத்தக்கது இல்லை, முற்றினால் கசக்கும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மஞ்சள் பூ, களைச் செடி, பிளவுபட்ட இலை என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு பறித்தால் செனேசியோ கூட்டமும் கையில் வந்து சேரும். செனேசியோ வல்காரிஸ், முன்பு செனேசியோ ஜாகோபேயா என்று அழைக்கப்பட்டு இப்போது ஜாகோபேயா வல்காரிஸ் ஆகிவிட்ட செடி, இவற்றில் எல்லாம் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உண்டு. அவை கல்லீரலைக் கெடுப்பவை, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தும் கெடுக்கும், காயவைத்தாலும் போகாது. பச்சையாக நிற்கும்போது கசப்பால் ஒதுக்கும் குதிரையும் மாடும் காய்ந்த வைக்கோலில் கலந்துவிட்டால் தின்றுவிடும், விஷம் ஏறும். இதில் உங்களுக்கு நல்ல செய்தி, செனேசியோவில் வெள்ளைப் பால் கிடையாது. பூவைக் கிழித்தால் நடுவில் குழல் பூக்கள் தெரியும். வல்காரிஸில் பெரும்பாலும் ஓர நாக்குகளே இருக்காது, பூவடிச் செதில்களின் நுனி கருப்பாக இருக்கும். ஜாகோபேயா வல்காரிஸில் ஓர நாக்குகள் பெரும்பாலும் 13. சிக்கல் பூ வருவதற்கு முன்னால்தான், இளம் வல்காரிஸும் இளம் சோங்கஸும் ஒரே இடத்தில் கலந்து முளைக்கும், இலை பார்வைக்கு ஏமாற்றும். அந்த நிலையில் ஒவ்வொரு செடியாக ஒடித்துப் பால் பார்க்காமல் கைப்பிடியாகப் பறிப்பது முட்டாள்தனம். அதையும் தாண்டி, களைக்கொல்லி அடித்த இடம், வண்டிப் புகை படியும் சாலையோரம், கழிவு நீர் ஓடும் இடம் என்றால் செடி எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் இப்போதைக்குச் சாப்பிட வேண்டாம், காதும் விதையும் பார்த்து முடியட்டும்.

அடுத்த முறை படம் எடுக்கும்போது காலையிலேயே போய்விடுங்கள், சோங்கஸ் பூ நண்பகல் வாக்கில் மூடிக்கொள்ளத் தொடங்கும். மேலிருந்து பூவுக்கு ஒரு படம் போதும். பூவின் பக்கவாட்டிலும் அடியிலும் தலா ஒன்று, இரண்டாகக் கிழித்தது ஒன்று, நடுத் தண்டு இலையின் அடி தண்டைப் பிடித்திருக்கும் இடம் ஒன்று, அதே இலையின் பின்பக்கம் ஒன்று, முழுச் செடியும் தெரிய ஒன்று, பஞ்சு விரிந்திருந்தால் ஒரே ஒரு விதையைத் தனியாக எடுத்துக் கருப்புத் தாளில் வைத்து ஒன்று. பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். காது கூராக இருந்து விதை சொரசொரப்பாக இருந்தால் சோங்கஸ் ஒலரேசியஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள். காது சுருண்டிருந்து விதை வழவழப்பாக இருந்தால் ஆஸ்பர். காது ஒன்றையும் விதை மற்றொன்றையும் சொன்னால், விதையைக் கேளுங்கள்.